பாலம் யார் பொறுப்பு?

குற்றாலத்துக்கு எல்லாரும் குளிக்கப் போவார்கள். என்னை என் மனைவி காவலுக்கு அனுப்பினாள். சிங்கப்பூரில் காலமெல்லாம் மின்தூக்கி பழுது பார்த்து, ஓய்வு பெற்று, அடுக்குமாடிக்குக் கீழே காப்பிக் கடையில் ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தவன் நான். "சும்மாதானே இருக்கீங்க, அக்காவுக்குத் துணையா போயிட்டு வாங்க" என்றாள். அவளுக்கு முழங்காலில் அறுவை முடிந்திருந்தது, நடக்கக்கூடாது. பெட்டியைக் கட்டினேன்.

விஷயம் இதுதான். என் சகலை கோமதிநாயகம், அதாவது மனைவியின் அக்கா கணவர், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச காலமாக அவருக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறது. சில நாள் எல்லாம் தெரியும். சில நாள் சொந்த வீட்டு வாசலே தெரியாது. பெங்களூரில் இருக்கும் மகன், அப்பாவைக் கோயம்புத்தூரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்கிறான். மனைவியின் அக்காவான என் மதினிக்கு அது அறவே பிடிக்கவில்லை.

சாரல் காலத்தில் சகலையின் பழைய கம்பெனிக்காரர்கள் குடும்பத்தோடு குற்றாலத்தில் கூடுவது வழக்கம். கம்பெனி என்றால் வியாபாரம் அல்ல, ராணுவத்தில் நூறு பேருக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு பிரிவு. இந்த வருடமும் கூட்டிப் போவேன் என்று மதினி ஒற்றைக்காலில் நின்றார். அவ்வளவு கூட்டத்தில் தொலைந்துவிடுவார் என்று மகன் சண்டை போட்டான். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. பத்திரமாகக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பினால் அவன் இல்லத்தின் பேச்சையே எடுக்கமாட்டான். வழியில் தொலைத்துவிட்டால் மதினி மறுபேச்சு இல்லாமல் சம்மதிக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்குக் காவல்தான் நான்.

தென்காசியில் இறங்கியதும் முகத்தில் சாரல் அடித்தது. எங்கள் ஊரில் மழை என்றால் வாளியைக் கவிழ்த்ததுபோல் கொட்டிவிட்டுப் போய்விடும். இங்கே பன்னீர் தெளித்து வரவேற்கிறார்கள். அந்த மகிழ்ச்சி ஷேர் ஆட்டோவில் ஏறும்வரைதான் இருந்தது. எனக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சின்ன வெங்காய மூட்டை, அதன்மேல் ஒரு பள்ளிக்கூடப் பை, அதன்மேல் இன்னொருவரின் முழங்கை. சகலை வீடு இருக்கும் குத்துக்கல்வலசை என்று சொல்லி ஏறினேன். ஓட்டுநர் ஏதோ ஒரு புதுக் காலனியில் இறக்கிவிட்டு, "இதுவும் அதுதான்" என்று போய்விட்டார்.

சுற்றிலும் புது வீடுகள். சுபேதார் வீடு எது என்று ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். "எந்த சுபேதாரு? இங்கன நாலு பேரு இருக்காவ. அந்தத் தெருவுல ரெண்டு ஹவில்தாரு, மூலையில ஒரு இன்ஸ்பெக்டரு" என்றாள். எங்கள் ஊரில் புளோக் எண் சொன்னால் போதும். இங்கே பதவி சொன்னாலும் போதவில்லை. கடைசியில், தென்னங்கன்றுகளை நூல் பிடித்தாற்போல் நட்டிருந்த வீடுதான் என் சகலை வீடாக இருக்கும் என்று நானே ஊகித்துப் போனேன். சரியாகவே இருந்தது.

அன்று அவருக்கு நல்ல நாள். "வாங்க சிங்கப்பூரு, உங்க ஊருல இன்னும் எச்சி துப்புனா அபராதமா?" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். மத்தியானம் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். சொதியை மட்டும் மூன்று தடவை வாங்கினேன். என் மனைவி வைப்பதைவிட நன்றாக இருந்தது என்பதை இங்கே எழுதிவிட்டு, இந்தக் கட்டுரையை அவள் கண்ணில் படாமல் வைக்க வேண்டும்.

மறுநாள் காலை வேனில் கிளம்பினோம். வேன் கிளம்பவில்லை. பேட்டரி செத்துவிட்டது. அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து ஆளுக்கொரு பக்கம் தள்ளினார்கள், அது அசையக் காணோம். சகலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இந்தப் பக்கம் மூவர், அந்தப் பக்கம் மூவர், பின்னால் இருவர் என்று நிறுத்தினார். என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க வேனுக்குள்ள உக்காருங்க, எடை கொறஞ்சா போதும்" என்று அதே மூச்சில் முரணாகவும் ஒன்று சொன்னார். அவர் ஒரு குரல் கொடுக்க, வேன் உருண்டு உயிர் பிடித்துக்கொண்டது. நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது அவருக்கு மறந்துபோகிறது. எட்டுப் பேரை எப்படி நிறுத்துவது என்பது மறக்கவில்லை.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையிலிருந்து விலகி, ஓர் ஓடைக்குப் பக்கத்தில் இருந்தது விடுதி. ஓடைமேல் சின்னப் பாலம். அதைத் தாண்டினால் மரம் அடர்ந்த மேடு. விடுதி முழுக்க அந்தக் கம்பெனிக் குடும்பங்கள்தான். சகலையோடு போரைப் பார்த்தவர்கள் அதில் நாலைந்து பேர்தான். மற்றவர்கள் அதே கம்பெனியில் பின்னால் சேர்ந்து, இப்போது தலை நரைத்தவர்கள்.

இரண்டு பேரை மட்டும் அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஒருவர் கர்னல். மலைக்கு அந்தப் பக்கம் புனலூர்க்காரர், பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசுவார். போர் நடந்தபோது மீசை அரும்பிய இளம் அதிகாரியாக இவர்களின் பிளாட்டூனுக்குத் தலைவராக இருந்தவர். இன்னொருவர் பெருமாள்சாமி. திருவேங்கடம் பக்கம் வானம்பார்த்த பூமியில் மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிறவர், எண்பதைத் தாண்டியவர். சகலை பத்தொன்பது வயதுச் சிப்பாயாகச் சேர்ந்தபோது அவருடைய செக்‌ஷனுக்கு நாயக்காக, அதாவது தலைவராக இருந்தவர். பிறகு சகலை தேர்வெல்லாம் எழுதி மேலே மேலே போய்ச் சுபேதார் ஆனார். பெருமாள்சாமி ஹவில்தாராகவே ஓய்வு பெற்றார். அதனால் தன்னிடம் துப்பாக்கி துடைக்கக் கற்ற ஆளுக்கு அவர்தான் சல்யூட் அடிப்பார். அன்றும் வேனிலிருந்து சகலை இறங்கியதும் குதிகாலைச் சேர்த்து நின்று ஒன்று அடித்தார். இந்தியில் ஐயா என்பதுபோல் "சாப்" என்றார். சகலை பதிலுக்கு அடித்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டார்.

இரவுச் சாப்பாடு பரோட்டாவும் நாட்டுக்கோழியும். இந்த ஊர்ப் பரோட்டாவை எங்கள் ஊர்ப் பரோட்டாவோடு ஒப்பிடுவது பாவம். நான் நாலாவதைப் பிய்த்துக்கொண்டே, எங்கள் ஊரில் பதினெட்டு வயதானால் எல்லாப் பையன்களும் தேசிய சேவை செய்துதான் ஆக வேண்டும், நானும் செய்தவன், பத்து வருடம் ரிசர்விலும் இருந்தவன் என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினேன். என்ன வேலை என்று கர்னல் கேட்டார். ஸ்டோரில் காலுறை எண்ணினேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. யாரும் சிரிக்கவில்லை. காலுறை இல்லாமல் எந்தப் படையும் பத்து மைல் தாண்டாது என்று கர்னல் மரியாதையாகவே சொன்னார். எனக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துப்போயிற்று.

பிறகு என் இலையிலேயே போர்க்காலப் படையை விரித்துக் காட்டினார். பரோட்டாவை விரலளவு துண்டுகளாகப் பிய்த்தார். பத்துப் பேர் ஒரு செக்‌ஷன். மூன்று செக்‌ஷன் ஒரு பிளாட்டூன். மூன்று பிளாட்டூன் ஒரு கம்பெனி. நாலு கம்பெனியோடு கனரக ஆயுதக்காரர்களும் சேர்ந்தால் ஒரு பட்டாலியன். மூன்று பட்டாலியன் ஒரு பிரிகேடு, மூன்று பிரிகேடு ஒரு டிவிஷன், அதற்கு மேலே கோர், அதற்கும் மேலே கமாண்ட். ஏன் எங்கே பார்த்தாலும் மூன்று என்று கேட்டேன். குண்டு விழும்போது ஒரு மனிதனின் மண்டையில் மூன்று பேருக்கு மேல் நிற்கமாட்டார்கள் என்றார். லட்சம் பேர் உள்ள படையிலும் ஒருவன் கட்டளை போடுவது மூன்று நாலு பேருக்குத்தானாம். எனக்கு மூன்று மருமகள்கள். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று புரிந்தது.

சமாதான காலத்தில் பீரங்கியும் டாங்கியும் பாலம் கட்டுகிறவர்களும் தனித்தனி முகாம். போர் என்று வந்தால் சால்னாபோல், எந்த இலையில் தேவையோ அங்கே ஊற்றுவார்கள். ஒரு பட்டாலியனையே ஒரு பிரிகேடிலிருந்து எடுத்து இன்னொன்றின் கீழ் வைத்துவிடுவார்கள். அப்படி வரும் ஆட்களுக்குச் சோறு யார் போடுவது, தோட்டா யார் கொடுப்பது என்பதுவரை கட்டளையில் இருக்க வேண்டும். தாக்குதலுக்குப் போகும்போது கொஞ்சம் பேரை வேண்டுமென்றே பின்னால் விட்டுப்போவார்கள் என்றும் சொன்னார். போனவர்கள் யாரும் திரும்பாவிட்டால் இவர்களை வைத்துப் படையை மறுபடி உருவாக்க வேண்டும். "வெதநெல்லு எடுத்து வைக்க மாதிரி" என்றார் பெருமாள்சாமி. தான் செத்துப்போகலாம் என்று கணக்குப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிற மனிதர்களை நான் அதற்கு முன் பக்கத்தில் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொன்னார். இரண்டு பிரிவுகளுக்கு நடுவே எல்லைக்கோடு போடும்போது அது ஒரு பாலத்தின்மேல் விழுந்தால், பாலம் யார் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லாமல் கட்டளை முடியாது. நீ பார்ப்பாய் என்று அவனும், அவன் பார்ப்பான் என்று நீயும் இருந்தால் எதிரி அது வழியாகத்தான் வருவான்.

பாலம் என்றதும் பேச்சு அவர்கள் பார்த்த போருக்குப் போனது. எல்லையில் ஓர் ஆற்றுப் பாலத்தை இந்தப் பிளாட்டூன் பிடித்து வைத்திருந்ததாம். பின்பக்கத்து மேட்டில், பாலத்துக்கு இறங்கும் பாதையைப் பார்த்தபடி பெருமாள்சாமி ஒரு சிப்பாயைக் காவல் நிறுத்தியிருந்தார். விசில் அடித்தால் எல்லாரும் அவரவர் இடத்துக்கு ஓடிவிட வேண்டும், அவர் வந்து மாற்றும்வரை நகரக்கூடாது என்பது கட்டளை. அன்று குண்டுவீச்சில் யாராலும் மேட்டுக்குப் போக முடியவில்லை. ராத்திரி போய், பகலும் போய், அடுத்த இருட்டில் பெருமாள்சாமி ஊர்ந்து போனபோது அந்தச் சிப்பாய் அதே இடத்தில் சோறு தண்ணீர் இல்லாமல் நின்றிருந்தான். அந்தச் சிப்பாய்தான் என் சகலை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அத விடுங்க அண்ணாச்சி, கோழி ஆறுது" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் பெருமாள்சாமி சாப்பாட்டுக் கூடத்துக்குள் வந்தபோது, நாற்காலியில் இருந்த சகலை விறைப்பாக எழுந்து நின்றார். பெருமாள்சாமிக்குச் சங்கடமாகிவிட்டது. உட்காருங்க சாப் என்று கெஞ்சினார். சகலை உட்காரவில்லை, நின்றபடியே இட்லியைத் தின்றுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்தார். பழைய மரியாதை என்று எல்லாரும் சிரித்தோம். மதினி மட்டும் சிரிக்கவில்லை. அதை நான் பார்த்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நடக்கும் தூரத்தில் இருந்த பேரருவிக்குப் போனோம். பெண்கள் பக்கத்துக்கு மதினி போனார். சகலையின் கையை விடாதீர்கள் என்று என்னிடம் போகும்போது ஒன்று, பாதியில் திரும்பிப் பார்த்து ஒன்று, மொத்தம் இரண்டு தடவை சொன்னார். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல் குளித்தால் அருவி கோபித்துக்கொள்ளும்போல. ஒரு தடியன் என்னைக் குப்புறப் போட்டு, மாவு பிசைவதுபோல் பிசைந்து, முதுகில் படபடவென்று தட்டி எழுப்பிவிட்டான். சகலைக்கும் ஆயிற்று. நான் அவர் கையைப் பிடித்தபடியே வரிசையில் நின்றேன்.

அருவியின் சத்தம் திடீரென்று மாறியது. வெள்ளம் செம்மண் நிறத்தில் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தது. போலீஸ்காரர்கள் விசில் அடித்தார்கள். அத்தனை கூட்டமும் ஒரே நேரத்தில் திரும்பி ஓடியது. சகலை என் கையை ஓர் இழுப்பு இழுத்தார். இரண்டு கையிலும் எண்ணெய். விலாங்கு மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விட்டது அந்தக் கை. கத்தினேன், இடித்தேன், மிதிபட்டேன். கூட்டம் கலைந்தபோது என் உள்ளங்கையில் எண்ணெய் மட்டும் இருந்தது. அந்த எண்ணெயைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மதினி ஈரத்தலையோடு ஓடிவந்தார். என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "தண்ணிக்குள்ள போகல இல்லா?" என்று மட்டும் கேட்டார். இல்லை, வெளியே ஓடிய பக்கம்தான் போனார் என்றேன். அது உண்மை. அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது.

விடுதிக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னோம். அடுத்த சில நிமிடங்களில் நான் பார்த்ததை உயிருள்ளவரை மறக்கமாட்டேன். இடுப்புவலி, சர்க்கரை, பைபாஸ் என்று இரண்டு நாளாக முனகிக்கொண்டிருந்த ஆட்கள் ஒரு படையாக எழுந்து நின்றார்கள். ஒருவரும் பதறவில்லை, குறுக்கே பேசவில்லை. கர்னல் அவர்களை மூன்றாகப் பிரித்தார். பேரருவியும் கடைவீதியும் ஒரு பிளாட்டூனுக்கு. பேருந்து நிலையமும் தென்காசிச் சாலையும் இரண்டாவதற்கு. ஐந்தருவிச் சாலை மூன்றாவதற்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், அவருக்கு முடியாமல் போனால் அடுத்தவர் யார் என்பதும் சேர்த்தே. செய்தி எல்லாம் விடுதி வராந்தாவுக்குத்தான் வர வேண்டும். "பாலம் யார் பொறுப்பு?" என்று ஒருவர் இந்தியில் கேட்டார். மூன்றாவது பிளாட்டூன் என்றார் கர்னல். போலீஸாரிடமும் ஒருவர் போனார். கொஞ்ச நேரத்தில், ஓய்வு பெற்ற சுபேதார் கோமதிநாயகம் அவர்கள் எங்கிருந்தாலும் வரவும் என்று ஒலிபெருக்கியில் கேட்டது.

நானும் கிளம்பினேன். நீங்கள் இங்கேயே இருங்கள் என்றார் கர்னல். முழங்கால் வலியால் அதிகம் நடக்க முடியாத பெருமாள்சாமியும் நானும் பின்னால் விடப்பட்டவர்கள். அங்கேயும் ஸ்டோர், இங்கேயும் ஸ்டோர். ஆனால் தொலைத்தவனே விதைநெல்லாகவும் ஆனது கொஞ்சம் உறுத்தியது.

மதினி யார் கட்டளைக்கும் அடங்கவில்லை. பாலத்தைத் தாண்டி மேட்டுப் பாதையில் போவார், கூப்பிட்டுக்கொண்டே திரும்பி வருவார், மறுபடி போவார். மகனிடமிருந்து போன் வந்தது. "அப்பா தூங்குதாவ, எழுந்ததும் பேசச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

மூன்று பிளாட்டூனிலிருந்தும் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைவீதியில் இல்லை. பேருந்து நிலையத்தில் இல்லை. பாலம், பாலத்துக்கு அடியில், ஓடைக்கரை, எங்கேயும் இல்லை. நேரம் சாயங்காலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இப்படி ஒழுங்காகத் தேடியும் ஒரு மனிதன் கிடைக்கவில்லை என்றால் அவன் இல்லை என்றுதானே அர்த்தம் என்று எனக்குத் தோன்றியது. கர்னல் வராந்தாவில் உட்கார்ந்து, நான் எங்கேயோ தப்புக் கணக்குப் போட்டிருக்கிறேன் என்று முணுமுணுத்தார். பிறகு பெருமாள்சாமியின் பக்கம் திரும்பினார். அவன் உன் செக்‌ஷன், நீ சொல் என்றார்.

பெருமாள்சாமி மதினியைக் கூப்பிட்டார். "தாயி, மறைக்காம சொல்லு. காலைல அவரு உன்னய என்ன சொல்லிக் கூப்பிட்டாரு?"

மதினி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். காலையில் சகலை அவரைக் கூப்பிடவே இல்லையாம். நீங்க யாரு வீட்டுப் பொண்ணு, இங்க பட்டாளத்துக்குள்ள பொம்பளைங்க வரக்கூடாது என்று பணிவாகச் சொன்னாராம். சொன்னால் அருவிக்குக் கூட்டிப்போக விடமாட்டார்கள் என்று மதினி வெளியே மூச்சு விடவில்லை.

பெருமாள்சாமி கர்னல் பக்கம் திரும்பினார். "சாப், நாம ரேங்க் பாத்துத் தேடிட்டோம். சுபேதாருன்னா எங்கன இருப்பாரு? அதிகாரி பக்கத்துல, ஆளுக நடுவுல, சாப்பாடு வர்ற எடத்துல. அங்கனயேதான் தேடுதோம். என்னயக் கண்டு காலைல எந்திரிச்சு நின்னானே, அவன் சுபேதாரு இல்ல. இன்னைக்கு அவன் சிப்பாயி."

கர்னல் எழுந்துவிட்டார். எனக்கும் அப்போதுதான் எல்லாம் கோத்துக்கொண்டு வந்தது. விசில் அடித்தார்கள். நாங்கள் எல்லாரும் தண்ணீருக்குப் பயந்து ஓடினோம். அவர் தன் இடத்துக்கு ஓடியிருக்கிறார். பாலத்தை ஆட்கள் பார்த்தார்கள், பாலத்துக்கு அடியிலும் பார்த்தார்கள். பாலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மேட்டின் உச்சியை யாரும் பார்க்கவில்லை. ஒலிபெருக்கி சுபேதாரைக் கூப்பிட்டது. சிப்பாய் எதற்குப் பதில் சொல்லுவான்?

பெருமாள்சாமியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொள்ள, எல்லாரும் பாலத்துக்கு நடந்தோம். மேட்டின் உச்சியில், ஒரு பெரிய வேருக்குப் பின்னால், எண்ணெய் பளபளக்கும் ஒரு தோள் தெரிந்தது. ஓடைப் பக்கம் சரிவு. கீழே செந்தண்ணீர் சீறிக்கொண்டு போயிற்று. இளையவர்களில் ஒருவர் ஏறப் போனார். பெருமாள்சாமி தடுத்தார். தெரியாத ஆள் திமுதிமுவென்று ஏறினால் அவர் எதிர்ப்பார், ஒரு காலடி பின்னால் வைத்தால் ஓடைதான் என்றார்.

நீயே போய் இறக்கு என்றார் கர்னல். பெருமாள்சாமி தயங்கினார். "அவரு சுபேதாரு சாப். இத்தன வருசம் நான் சல்யூட் அடிச்ச மனுசன். அவர ஏலேன்னு கூப்பிட எனக்கு வாய் வராது." கர்னல் அவர் தோளில் கை வைத்தார். உன் செக்‌ஷனை உன்னிடமே திருப்பித் தருகிறேன், இது என் கட்டளை என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து மதினியின் போன் அடித்தது. மகன்தான். மதினிக்கு இனிமேல் பொய் சொல்லத் தெம்பில்லை. "அப்பாவத் தொலைச்சிட்டேன்லே" என்று ஆரம்பித்தவர் கையிலிருந்து கர்னல் போனை வாங்கினார். நான் உங்கள் அப்பாவின் பிளாட்டூன் கமாண்டர், அவர் தொலையவில்லை, காவலில் நிற்கிறார் என்றார். நிறுத்திய இடத்தில் நிற்கிறவனைக் காணாமல் போனவன் என்று எந்தப் படையிலும் எழுதமாட்டார்கள், கொஞ்சம் லைனில் இருங்கள் என்று போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

பெருமாள்சாமி ஒரு கம்பை ஊன்றிப் பாதி மேடு ஏறினார். வேருக்குப் பின்னாலிருந்து இந்தியில் ஓர் அதட்டல் வந்தது. நில், யார் அது என்று கேட்டது. அது என் சகலையின் குரல்தான், ஆனால் ஐம்பது வருடம் இளைய குரல். பெருமாள்சாமி நின்றார். நிமிர்ந்தார்.

"நாயக் பெருமாள்சாமி. ஏலே கோமதி, ட்யூட்டி முடிஞ்சிது. எறங்கி வாலே."

வேருக்குப் பின்னாலிருந்து சகலை எழுந்தார். இடுப்பில் துண்டு மட்டும், கையில் துப்பாக்கிபோல் பிடித்த ஒரு மரக்கிளை. குதிகாலைச் சேர்த்து விறைத்து நின்றார். உடனே இறங்கிவிடவில்லை. காவல் மாறும்போது பார்த்ததைச் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டுமாம்.

"ஒண்ணும் இல்ல நாயக். எதிரி யாரும் வரல. பாலம் பத்திரமா இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரு பொம்பள மட்டும் இதுவழியா போயிட்டுப் போயிட்டு வந்தா. வயசானவ, பாவம். பேரச் சொல்லாம 'ஏங்க, ஏங்க'ன்னு யாரையோ தேடிக்கிட்டு, அழுதுக்கிட்டே போனா. எனக்கு மனசு கேக்கல. ஆனா போஸ்ட விட்டு எறங்கக்கூடாதுல்லா. யாரையாவது அனுப்பி அவளுக்கு என்னன்னு கேக்கச் சொல்லுங்க."

கர்னல் போனைப் பிடித்திருந்த கையைத் தாழ்த்தவில்லை. மதினி முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். சகலையைப் பார்த்துப் பேசவில்லை. பெருமாள்சாமியைப் பார்த்துப் பேசினார்.

"தேடுன ஆளு கெடச்சிட்டாவன்னு சொல்லுங்க அண்ணாச்சி. அவ அழுகைய நிப்பாட்டிட்டான்னு சொல்லுங்க."

பெருமாள்சாமி அதை அப்படியே மேலே சொன்னார். அப்ப சரி என்று சகலை கிளையைக் கீழே வைத்துவிட்டு இறங்கினார். வழுக்கும் இடத்தில் நான் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு, எந்தப் பட்டாளம் என்று என்னைக் கேட்டார். ரிசர்வ் என்றேன். பரவாயில்லை என்பதுபோல் தலையாட்டினார். இந்தத் தடவை நான் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

கர்னல் போனை மதினியிடம் நீட்டினார். அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் எனக்கே கேட்டது. மதினி கணவர் தோளில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டபடியே போனைக் காதில் வைத்தார்.

"கேட்டியாலே?" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். இல்லத்தின் பேச்சு வரவில்லை. "சரி, வையி. அப்பா காலைலருந்து நின்னுக்கிட்டே இருந்திருக்காவ. காப்பி குடுக்கணும்."